மேலே போட்ட கையெழுத்து

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே சிரித்து, கும்பிட்டு, கைகொடுத்து வாழ்ந்தவர் அவர். என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்த தண்டனை இது ஒன்றுதான். என் பெயரையும் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

நான் செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006-இல் ஓர் அம்மாளின் கையெழுத்தை, அவர் போட்ட இடத்திலிருந்து எடுத்து, நான் எழுதிய பொய்க்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். கம்ப்யூட்டரில் அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் 2004-இல் டி.டி.பி. சென்டர் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை, மாணவர்களின் ஆய்வேடு, கும்பாபிஷேக நோட்டீஸ், காரியப் பத்திரிகை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். ஆனால் என் சோற்றில் நெய் விழுந்தது மலர்களால்தான். மணிவிழா மலர், வெள்ளிவிழா மலர், பாராட்டு விழா மலர். வழவழ தாளில் அச்சாகி, தாம்பூலப் பையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்குப் போனதும் பீரோ மேல் ஏறிவிடும் புத்தகங்கள். எந்த மலரையும் எவரும் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. தன் படம் வந்த பக்கத்தை மட்டும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த மலர்களில் முதல் முப்பது பக்கம் வாழ்த்துரை. ஊர்ப் பெரிய மனிதர்கள் எழுதியதாக இருக்கும். அவர்கள் யாரும் எழுதியதில்லை. தங்கள் லெட்டர் பேடில் ஒரு தாளை எடுத்து, ஒன்றும் எழுதாமல், அடியில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். 'நீங்களே பாத்து நல்லபடியா எழுதிக்குங்க' என்று ஒரு வார்த்தை கூடவே வரும். டாக்டர், வக்கீல், கல்லூரி முதல்வர், கட்சிக்காரர், எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான். மேலே இருக்கிற வெள்ளையை நிரப்புவது என் வேலை. டாக்டர் எழுதினால் எப்படி எழுதுவார், வக்கீல் எழுதினால் எங்கே மேற்கோள் போடுவார் என்று யோசித்து ஆளுக்கு ஒரு நடையில் எழுதுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு வக்கீல் கடைக்கு வந்து தன் வாழ்த்துரையை எனக்கே வாசித்துக் காட்டி, "எப்பிடி எழுதியிருக்கேன் பாத்தியா?" என்று கேட்டார். பிரமாதம் சார் என்றேன். அவர் உண்மையிலேயே தான் எழுதியதாக நம்பிவிட்டார்.

இரவல் பெயர்களில் இவ்வளவு எழுதுகிறவனுக்குச் சொந்தப் பெயரில் ஒரு புத்தகம் வேண்டும் என்று ஆசை இருக்காதா? இருந்தது. பன்னிரண்டு சிறுகதைகள் எழுதி வைத்திருந்தேன். பதிப்பகங்களுக்கு அனுப்பினால் திரும்பி வந்தன. சில திரும்பியும் வரவில்லை. செத்த பிறகு நூலகத்தில் என் பெயர் போட்ட புத்தக முதுகு ஒன்று நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

நான் பெயர் சொல்ல மறுக்கிற அந்த மனிதர் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மசாலாக் கம்பெனி நடத்தினார். மீன் குழம்பு மசாலா. பொட்டலத்தின் மேல் அவருடைய பெயர்தான் பெரிதாக இருக்கும், பக்கத்தில் கைகூப்பிய படம். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பொட்டலம் தொங்காத பெட்டிக்கடை கிடையாது. சுனாமி வந்த வாரம், நிவாரண முகாம்களுக்கு வேன் நிறைய அதை அனுப்பினார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த சனங்களுக்கு மீன் குழம்பு மசாலா! வேனில் கட்டிய பேனரை நான்தான் அடித்துக் கொடுத்தேன். 'கண்ணீர் துடைக்கும் கரங்கள்' என்று நானே தலைப்பும் போட்டேன். அதன் பிறகு பல மாதம் யாரும் மீன் வாங்கவில்லை. மசாலா வியாபாரம் படுத்துவிட்டது. அந்த ஓய்வு நேரத்தில்தான் அவர் கவிதை எழுத ஆரம்பித்தார்.

கடலூரில் எத்தனையோ அச்சகம் இருக்க, ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து அவர் என்னிடம் வந்தார். என் தமிழுக்காக வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கவிதைத் தொகுப்பு இரண்டை அடித்துக் கொடுத்தேன். அலையே, நிலையே, கலையே என்று ஒரே ஓசையில் போய்க்கொண்டிருக்கும். வரி உதைக்கிற இடத்தை நான் சரிசெய்வேன். அடுத்த முறை வரும்போது நான் சரிசெய்த வரிகளைத்தான் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு தமிழ்ச் சங்கத்துக்குப் பந்தல் செலவை ஏற்று 'சுவைச் செம்மல்' பட்டம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு லெட்டர் பேடு மாறியது. பெயருக்கு முன்னால் மூன்று சொல், பின்னால் நான்கு சொல்.

அறுபது வயது நெருங்கியபோது என்னைக் கடலூருக்கு வரச் சொன்னார். கம்பெனி ஆபீசில் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மலாக வந்தது. அவருக்குத் தும்மல் வரவில்லை, ஏ.சி. காற்று அவர் பக்கம்தான் வீசியது. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் என்றால் அவருடைய மச்சான்தான், மனைவியின் தம்பி.

"தம்பி, காசு பணம் எல்லாம் பாத்தாச்சு. நான் போன பெறவு சனங்க என்னா பேசணும், அதான் இப்ப எனக்கு முக்கியம்," என்றார். "ஒண்ணுமில்லாத எடத்துலேருந்து ஒத்த ஆளா நின்னு ஒரு ருசிய உண்டாக்குனான்னு பேசணும். அது மலர்ல வரணும். நூறு வருஷம் கழிச்சி எடுத்துப் பாத்தாலும் தெரியணும்."

"கண்டிப்பா வந்துரும் சார்," என்றேன்.

"மொதப் பக்கத்துல எங்க அக்காவோட ஆசியுரை. அவுங்கதான் வீட்ல மூத்தவங்க. பெரியவங்க வாழ்த்து இல்லாம மலர் ஆரம்பிக்கக் கூடாது. அவுங்களுக்கு எழுதல்லாம் வராது, நீயே எழுதிடு. எல்லாம் தம்பியோட உழைப்புன்னு அவுங்க வாயாலயே வரணும். அதான் வெயிட்டு."

மச்சான் என் காதருகில் வந்து, "அத நல்லாப் பண்ணுப்பா. மாமாவுக்கு அதான் முக்கியம்," என்றார்.

பிறகு அவர் சிரித்தபடி, "ஒன் கதையெல்லாம் புஸ்தகமா வரணும்னு ஆசைப்படுறியாமே? விழா முடியட்டும், நான் போட்டுத் தரேன்," என்றார். நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. ஆனால் எவனுக்கு எந்த இடத்தில் பசிக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியும். வியாபாரி அல்லவா! கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் மேல் எனக்கு வருகிற எரிச்சலில் பாதி அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் வருகிறது.

அக்காவின் அறை கம்பெனிக்குப் பின்புறம், அரவை மில்லை ஒட்டி இருந்தது. அவரைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர் என்று மச்சான் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்டூல். சுவர் முழுக்கச் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தது. நான் உள்ளே போனபோது மில் ஆள் ஒருவர் ஒரு கிண்ணத்தில் பொடி கொண்டுவந்து நீட்டினார். அந்த அம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்தார்.

"மல்லி ஒரு கை ஜாஸ்தி. வெந்தயம் கருகிப் போச்சி. இத விடாத, வேற வறு," என்றார்.

மில் ஆள் மறுபேச்சு இல்லாமல் போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டிலிருக்கும் பெரியம்மா ஏதோ ருசி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கம்பெனி லெட்டர் பேடு தாளைக் கொடுத்து, தம்பியின் மலருக்கு ஆசியுரை வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எப்போதும் சொல்கிற பாடத்தைச் சொன்னேன். அவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னா எழுதப் போறீங்க?"

"வாழ்த்துதாம்மா. நல்ல விதமா எழுதுவோம்."

அவர் தாளை ஸ்டூலில் வைத்து, பேனாவை இறுக்கிப் பிடித்து, தாளின் உச்சியில், அச்சடித்த முகவரிக்கு உடனே அடியில், மேலே ஓர் எழுத்து நுழையக்கூட இடமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா, கீழ போடணும்."

"நான் போட்ட எடத்துலயே இருக்கட்டும்," என்றார்.

"சரிங்கம்மா," என்றேன்.

வெளியே வந்ததும் மச்சானிடம் காட்டினேன். "கண்ணுல பொரை. ஆப்பரேஷன் பண்ணி மூணு மாசம்தான் ஆவுது. எங்க போடுறோம்னே தெரியல அவுங்களுக்கு. நீ பாத்துக்க," என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பொடியில் வெந்தயம் கருகியதை ஒரு சிட்டிகையில் சொன்னவருக்குத் தாளின் மேல் எது கீழ் எது என்று தெரியாதா என்று நான் யோசிக்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஆசியுரையின் முதல் இரண்டு வரி என் மனதில் அமைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன்.

அதுதான் நான் எழுதியதிலேயே நன்றாக அமைந்த எழுத்து. இன்றும் சொல்வேன், அவ்வளவு நன்றாக வந்தது. 'என் தம்பி கைபிடித்த உலக்கையில்தான் எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் உருவாக்கினான்' என்று தொடங்கும். படிக்காத ஓர் அக்கா பேசுகிற மாதிரியே எளிமையாக எழுதினேன். நடுவில் ஓர் இடத்தில் கண் கலங்க வேண்டும், கலங்கும். எழுதி முடித்து, கையெழுத்தை ஸ்கேன் செய்து, வெட்டி, கடைசி வரிக்குக் கீழே ஒட்டினேன். கொஞ்சம் பெரிதாக்கினேன். அழகாக உட்கார்ந்தது.

விழா சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவர் மனைவிக்கு மறுபடி தாலி கட்டினார். அதன் பிறகு மலர் வெளியீடு. மச்சான் மைக்கைப் பிடித்து ஆசியுரையை வாசித்தார். மண்டபமே அடங்கிவிட்டது. நான் கலங்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். மேடையில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று சொல்ல முடியாது, தன்னைப் பற்றி நல்லதாக எதைக் கேட்டாலும் அவருக்கு நிஜமாகவே அழுகை வரும்.

அந்த அம்மாள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் பக்கத்திலிருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துப் பிடித்துப் பாராட்டினார்கள். அவர் ஒரு மலரை வாங்கி, முதல் பக்கத்தைப் பிரித்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு அங்கிருந்து மேலே, தாளின் உச்சிவரை விரலை மெதுவாகக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை, என் தலைப்புதான் இருந்தது. நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னைத்தான் தேடுகிறார் என்று தெரிந்தது. பந்தியில் ஆள் குறைகிறதா என்று பார்ப்பவனைப் போலச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நழுவிவிட்டேன். அப்போதும், கண் தெரியாதவர் தடவிப் பார்க்கிறார் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கண் தெரியாதவர் தேடினால் நான் எதற்கு ஒளிய வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

சொன்னபடி அடுத்த வருடம் என் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தார். சமர்ப்பணம் தனக்கு இருக்க வேண்டும் என்றார். பின் அட்டையில் என்னைப் பற்றித் தானே நாலு வரி எழுதுவதாகச் சொல்லி, லெட்டர் பேடில் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். என் புத்தகத்துக்கு அவர் கொடுத்த பாராட்டை நானே எழுதினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுகள் என் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தன. பெருக்கும்போது விளக்குமாறு இடிக்கிறது என்று மனைவி முணுமுணுப்பாள்.

2009-இல் ஒரு நாள் மனைவி கடையிலிருந்து அதே மசாலாப் பொட்டலம் வாங்கிவந்தாள். உறை மாறியிருந்தது. முன்பக்கம் பழையபடி அவர் பெயர், அவர் படம். பின்பக்கம் 'ஓர் அக்காவின் ஆசி' என்று தலைப்பு. அதன் கீழே என் ஆசியுரையிலிருந்து நாலு வரி. 'நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் உருவாக்கினான்.' அடியில் அந்தக் கையெழுத்து. நான் பெரிதாக்கிய அதே அளவில்.

"யாரு எழுதுனதோ, படிச்சா மனசுக்கு என்னமோ பண்ணுது," என்றாள் மனைவி. நான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என் கதைகளை அவள் பாதியில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். திட்டக்குடி முதல் புவனகிரி வரை ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் என் எழுத்து போய் உட்கார்ந்துவிட்டது. இன்னொருத்தி பெயரில், மிளகாய்ப் பொடியின் முதுகில். நான் கேட்ட அழியாப் புகழ் இதுதான் போலிருக்கிறது.

2011 முடிகிற நேரத்தில் 'தானே' புயல் வந்தது. மாவட்டமே குப்புற விழுந்து கிடந்தது. பலாவும் முந்திரியும் போனவர்கள் போக, கடலூரில் வாரக்கணக்காகக் கரண்ட் இல்லை. மலர் வைத்திருந்த கொட்டகை ஒழுகி மீதிப் பிரதிகள் ஊறிவிட்டன, மறுபடி அச்சிட வேண்டும், வந்து பார் என்று மச்சான் போன் செய்தார். ஊரில் கூரை இல்லை, விளக்கு இல்லை, இவர்களுக்கு மலர்! ஆனாலும் போனேன். வியாபாரம்.

பொங்கலுக்குப் பிந்திய வாரம் அது. மில் ஓடவில்லை. நெடியும் இல்லை, சத்தமும் இல்லை. அவரும் மச்சானும் பேங்குக்குப் போயிருந்தார்கள். கொட்டகைக்குப் போகிற வழியில் அந்த அறை. அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, நனைந்துபோன மல்லியை முறத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"கையெழுத்த எறக்குனது நீதான?"

"உள்ள வா," என்றார். கட்டிலில் உட்கார்ந்து, முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை.

"நான் ஓரல்ல இடிச்சித் தூக்குவாளியில எடுத்துக்கிட்டுப் போயி மீன் மார்க்கெட்ல விப்பேன். அக்கா பொடின்னு பேரு. மீன் விக்கிற பொம்பளைங்க கேட்டுக் கேட்டு வாங்குவாங்க. அப்ப இவன் வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தான். லைசென்சு எடுக்கணும், ஒரு கையெழுத்துப் போடுக்கான்னான். வெள்ளப் பேப்பரு. கீழ போட்டேன். அப்பறமா அதுக்கு மேல என்னா எழுதியிருந்துச்சி தெரியுமா? யாவாரத்தையும் எம் பங்கு எடத்தையும் நானே மனசாரத் தம்பிக்குக் குடுத்துட்டேனாம். பஞ்சாயத்துல காட்டுனான். ஒங் கையெழுத்துதானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். என்னா சொல்றது? என் கையெழுத்துதான். இத நீ எழுதுனியான்னு ஒருத்தரும் கேக்கல."

ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"அன்னியிலேருந்து எங்க போட்டாலும் உச்சியிலதான் போடுவேன். பேங்குக்காரன் திட்டுனாலும் அப்பிடித்தான். எனக்கு மேல எவனும் எழுதக் கூடாது. அதையும் நீ எறக்கிட்டியேப்பா."

கடலூர் அச்சகங்களைத் தாண்டி அவர் ஏன் சிதம்பரத்துக்கு வந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓ.டி.யில் அக்கா பொடியைத் தெரியாத பழைய ஆள் யாரும் இல்லை. என் தமிழுக்காக வந்தாராம்! செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்தேன். அத்தனையும் அளவுகள். மல்லி இத்தனை படி, மிளகாய் இத்தனை, சீரகம் இத்தனை. கோணல்மாணலான, ஆனால் ஒரு பிழையும் இல்லாத எழுத்து. இவருக்கு எழுத வராது என்று சொன்னதை நான் எப்படி நம்பினேன்? நம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் புத்தகம் வர வேண்டியிருந்தது.

"நான் வேணா உங்க கதைய எழுதுறேம்மா. நடந்தத நடந்தபடி," என்றேன். அந்த நேரத்தில்கூட என்னால் கொடுக்க முடிந்தது என் எழுத்துதான் என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

"நீ எழுதுனது போதும்," என்றார். எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"கையெழுத்துப் போடு. கீழ."

"எதுக்கும்மா? என்னா எழுதப் போறீங்க?"

"நீ வாங்குறப்ப யாராச்சும் கேட்டா சொல்லுவியா? நல்ல விதமாத்தான் எழுதுவேன்."

போட்டேன். என் முழுப் பெயரை, புத்தகத்தின் அட்டையில் வந்த மாதிரியே, தாளின் அடியில் போட்டேன். மேலே அவ்வளவு வெள்ளை. இதை எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறேன், ஒருவர்கூடத் தயங்கி நான் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பயமில்லை, கேட்டு வந்தவன் வெறும் வாழ்த்து எழுதுகிறவன்தான். அந்த அம்மாள் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் மலரையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு பல மாதம் போன் அடித்தால், கடலூர் எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அந்தத் தாளில் என்ன இருக்கும்? கடன் வாங்கியதாக எழுதுவாரா, திருடியதாக எழுதுவாரா? ஆளில்லாத நேரத்தில் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். என் பெயர் எங்கேயோ ஒரு தகரப் பெட்டியில் கிடக்கிறது, அதன் மேல் யாரோ எழுதுகிறார்கள் என்ற நினைப்பு விடவில்லை. அந்த வருடத்தோடு வாழ்த்துரை எழுதுவதை நிறுத்தினேன் என்று சொல்ல ஆசை. நிறுத்தவில்லை.

2012 ஐப்பசி மழையில் அந்த அம்மாள் இறந்துபோனார். மச்சான் போன் செய்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், மாமா உடனே வரச் சொன்னார் என்றார். போனபோது எடுத்து முடித்துவிட்டிருந்தார்கள். அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்து நின்றது. தகரப் பெட்டி ஆபீசில் அந்தக் கண்ணாடி மேசை மேல் திறந்து கிடந்தது.

அந்த மனிதர், மடித்திருந்த தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பிரித்தேன். சுவரில் இருந்த அதே கோணல் எழுத்து.

'இந்தப் பொடி அக்கா பொடி. இடிச்சது, வறுத்தது, அளவு சொன்னது எல்லாம் அந்த அம்மாதான். தம்பி இல்லை. பொஸ்தகத்திலும் பொட்டலத்திலும் இருக்கிறதை அந்த அம்மா சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். கையெழுத்தை எறக்கினதும் நான்தான்.'

அதற்குக் கீழே என் கையெழுத்து. அந்த அம்மாள் என் மேல் எந்தப் பழியையும் போடவில்லை. ஒரு பொய்கூட எழுதவில்லை. என் பெயருக்கு மேல் அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

மச்சான் கதவைச் சாத்தினார். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்தார். துக்க வீட்டில் இருக்கிற மனிதரைப் போல் இல்லை, பொட்டலத்தில் இருக்கிற மாதிரியே இருந்தார்.

"இத நீ எழுதுனியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். அந்த அம்மாள் ஒன்பது மாதம் எனக்காக அதைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். மேசையில் போஸ்டருக்கான அந்த அம்மாளின் படம் கிடந்தது. அதைப் பார்க்காமல் சொன்னேன்.

"கையெழுத்து என்னுதுதான் சார். மேல இருக்கறத நான் எழுதல."

அவர் உடனே நம்பிவிட்டார்.